துணை நிற்பவர்க்கு யார் துணை?

(நவராத்திரி விழாவின்போது கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்னையின் புகழ் பாடும் இந்த ஒன்பது நாள்களில், நோயுற்ற குழந்தையோடு மருத்துவமனையில் நாள் கழிக்கும் ஓர் அன்னையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். குழுவினர் மகிழ்வோடு இசைந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய பழக்கம். சற்று நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அருகிருந்து கவனிப்பவரை நான்காவது கூறாகச் சேர்க்கிறார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு மருத்துவரும் மருந்தும் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் உண்டு. நான்காவது கூறாக நிற்பவர்கள் தாயும் தந்தையும். அவர்கள் தளர்ந்துவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை. அவர்களைத் தாங்குவது நம் கடமை. இதுவே என் பேச்சின் சாரம்.

நோயும் சிகிச்சையும்

லியுக்கேமியா என்பது எலும்பினுள் இருக்கும் மச்சையில் தோன்றும் நோய். அங்கே முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. செவ்வணு குறைவதால் பிள்ளை வெளுத்துப்போகும். தட்டணு குறைவதால் தோலில் நீலத் தழும்புகள் தோன்றும். நோயை எதிர்க்கும் அணு குறைவதால் காய்ச்சல் விட்டு விட்டு வரும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் கூடுதலாகக் காணப்படுகிறது.

2022ஆம் ஆண்டில் சுங்கைப் பட்டாணி அருகே வசிக்கும் என் பழைய மாணவி ஒருத்தியின் நான்கு வயது மகளுக்கு இந்நோய் கண்டது. காய்ச்சல் நின்றபாடில்லை, கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தாள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே பாலம் கடந்து பினாங்கு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு என் மாணவி தொலைபேசியில், "டீச்சர், நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி அவளாகக் கேட்டதன்று. அவளைக் கேட்க வைத்தவர்கள் நம்மவர்கள். கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், வீட்டு வாசல் எந்தத் திசை, யார் கண் பட்டது, எந்த வேண்டுதலை மறந்தாய் என்று வந்தவரெல்லாம் விசாரித்தார்கள். அன்போடுதான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அந்தத் தாயின் தலையில் ஒரு கல்லாக விழுந்தது. அன்பர்களே, பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்நோய் ஏன் வந்தது என்று மருத்துவ உலகம் ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்டுவதில்லை. அணு பிரியும்போது தற்செயலாக நேரும் மாற்றமே இதன் தொடக்கம். இது ஒட்டிக்கொள்ளும் நோயன்று. பெற்றோர் செய்த எதனாலும் வந்ததன்று. கர்ம வினையைப் பற்றிப் பேசத் தத்துவ வகுப்பு இருக்கிறது. நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே அது வேண்டாம்.

இந்தச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் நீளும். முதல் மாதம் கடுமையானது. ஊசி மருந்து, மாத்திரை, முதுகுத் தண்டில் மருந்து செலுத்துதல் எனத் தொடரும். பின்னர்ச் சில மாதங்கள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைச்சல். இறுதிக் கட்டத்தில் பிள்ளை வீட்டிலிருந்தே நாள்தோறும் ஒரு மாத்திரையும் வாரம் ஒருமுறை வேறொரு மாத்திரையும் உட்கொள்ள வேண்டும்.

முதல் மாத முடிவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோயணுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். பிள்ளை ஓடி விளையாடும். ஆபத்தான நேரம் இதுதான். "குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு அந்த விஷத்தை ஏற்றுகிறார்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இந்தக் குடும்பத்திலும் அது நடந்தது. வைத்தியர் ஒருவர் மூலிகைக் கஷாயத்தாலேயே தீர்த்துவிடுவார் என்று உறவினர் ஒருவர் சொல்ல, பாட்டி அதை நம்பினார். தந்தையும் அரை மனதாக இருந்தார். அவர் பிறையில் தொழிற்சாலை வேலை செய்பவர். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை.

நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் நித்திய கல்யாணி பூத்திருந்தது. "அம்மா, உங்கள் பேத்திக்கு வின்கிறிஸ்டின் என்று ஓர் ஊசி போடுகிறார்களே, அது முதன்முதலில் இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1963இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. இலையிலிருந்து மிகச் சிறிய அளவே கிடைக்கும். அளந்து, சுத்தப்படுத்தி, பிள்ளையின் உடல் அளவுக்கேற்பக் கொடுத்தால் மருந்து. நாமாகக் காய்ச்சிக் கொடுத்தால் நஞ்சு," என்றேன். பாட்டி செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொன்றும் சொன்னேன். இந்நோய்க்கு முதன்முதலில் பலன் காட்டிய மருந்தின் பின்னணியில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார். 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள்தாம் அவர். அமெரிக்காவில் அவரது குழு உருவாக்கிய மருந்தை பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, 16 பேரில் 10 பேருக்கு முன்னேற்றம் கண்டதாக 1948இல் எழுதினார். அந்தப் பலன் சில மாதங்களே நீடித்தது. அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட காலம் கொடுக்கும் முறை பிறந்தது. பாதியில் நிறுத்தினால் மறைந்திருக்கும் அணுக்கள் மீண்டும் பெருகும்.

மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் ஒன்று சேர்ந்து 'மா-ஸ்போர்' என்ற கூட்டு ஆய்வை நடத்தினர். எஞ்சியிருக்கும் நோயணுவை நுணுக்கமாக அளந்து, அதற்கேற்ப மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். 2012இல் வெளியான அதன் முடிவின்படி, ஆறு ஆண்டுகள் கடந்தும் நூற்றுக்கு ஏறத்தாழ 80 குழந்தைகள் நோய் திரும்பாமல் நலமாக இருந்தனர். இந்தக் கணக்கைக் கேட்ட பின்னர்த் தந்தை எழுந்து உள்ளே போய், மறுநாள் மருத்துவமனைக்கு வேண்டிய பையை எடுத்து வைத்தார்.

அண்ணனின் கேள்வி

அந்த வீட்டில் எட்டு வயது மகனும் உண்டு. எல்லாரும் தங்கையைப் பற்றியே பேச, அவனை யாரும் கவனிக்கவில்லை. மாலையில் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவேன். ஒருநாள் கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிராமலே, "டீச்சர், நான் தள்ளிவிட்டதாலதான் தங்கச்சி உடம்பெல்லாம் நீலமாச்சா?" என்று கேட்டான். எத்தனை வாரம் அதை மனத்தில் சுமந்தானோ! "இல்லையப்பா, நீ தள்ளியதால் வரவில்லை, நோய் வந்ததால் நீலமானது," என்று அவன் நம்பும்வரை பலமுறை சொன்னேன். மறுவாரம் அவன் வரைந்த படத்தைத் தங்கையின் கட்டிலில் ஒட்டினோம். நோயாளிக் குழந்தையைப் பார்க்கப் போகும்போது, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரியுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உதவியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாரம் இருபது பேர் ஆரஞ்சுப் பழப் பையோடு வருகிறார்கள். ஐந்தாம் மாதம் ஒருவரும் இல்லை. நம் மகளிர் பகுதியில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். யார் எந்த நாள் சமைப்பது, யார் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, யார் துணி துவைப்பது என்று எழுதி வைத்தோம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "புதன்கிழமை ரசமும் சோறும் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, பணத்தை மாதந்தோறும் கொடுக்க வேண்டும். சிகிச்சைச் செலவைவிட வழிச்செலவும், எண்ணெய்ச் செலவும், இழந்த சம்பளமுமே குடும்பத்தை அழுத்துகின்றன. ஒரே தவணையாக மேடையில் படம் பிடித்துக் கொடுப்பதைவிட, மாதம் 200 ரிங்கிட் என்று இரண்டரை ஆண்டுகள் தவறாமல் கொடுத்தது அவர்களுக்குப் பெரிதும் உதவியது. மருத்துவமனையின் சமூகப் பணி அலுவலரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 1994இல் தொடங்கப்பட்ட மக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றம் போன்ற அமைப்புகளுக்கு விண்ணப்பிக்கவும் அவர்கள் வழிகாட்டுவார்கள்.

மூன்றாவது, தூய்மை. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குச் சளி, இருமல், அம்மை எல்லாமே பேராபத்து. உங்களுக்குத் தும்மல் இருந்தால் போகாதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள். உடல் வெப்பம் 38 பாகையைத் தொட்டால் நள்ளிரவானாலும் பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆகவே கார் வைத்திருப்பவர் ஒருவரின் எண் அந்த வீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, பிரசாதம். அபிஷேகப் பால், தீர்த்தம், நெடுநேரம் வெளியே இருந்த பஞ்சாமிர்தம் இவற்றைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும் சூடான, புதிதாய்ச் சமைத்த உணவு போதும். வார்டுக்குள் பூமாலை வேண்டாம். கையில் கட்டிய கயிற்றைத் தாதியர் கழற்றச் சொன்னால் கோபப்படாமல், அதை வீட்டுச் சாமி படத்தில் கட்டுங்கள். தைப்பூச நெரிசலுக்குப் பிள்ளையை அழைத்து வரத் துடிக்க வேண்டாம். அடுத்த ஆண்டும் முருகன் தண்ணீர்மலையில்தான் இருப்பான்.

ஐந்தாவது, இரத்த தானம். தட்டணுவை ஒரு வாரத்துக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறை விழா நாளில் மட்டும் கொடுத்தால் போதாது. இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

ஆறாவது, நாவடக்கம். முடி கொட்டிய பிள்ளையைப் பார்த்து, "எந்தக் கோயிலுக்கு மொட்டை?" என்று வழியில் கேட்பவர்கள் உண்டு. ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பியிருக்கும்போது, "நல்லாச் சதை போட்டுட்டாளே!" என்பவர்களும் உண்டு. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருப்பதும் ஆறுதலே. அந்த வார்டில் பெர்லிஸிலிருந்து வந்த ஒரு மலாய்த் தாய், மொழி புரியாமலே என் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தாராம். இன்றும் என் மாணவி அதைச் சொல்லிக் கண் கலங்குகிறாள்.

என் மாணவியின் மகள் 2024 இறுதியில் சிகிச்சையை முடித்தாள். 2025இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். பரிசோதனைகள் தொடர்கின்றன. ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. நாம் துணை நின்ற மற்றொரு குடும்பத்தின் பையனுக்கு நோய் திரும்பியது. அவனைக் காப்பாற்ற முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த வீட்டுக்கு வருபவர்கள் நின்றுவிட்டார்கள். நம் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் புதன்கிழமை சாப்பாடு ஆறு மாதம் தொடர்ந்தது. அவனுடைய தாய், "என் பையன் பேரைச் சொல்லிப் பேச நீங்கதான் வர்றீங்க டீச்சர்," என்றார். பிள்ளை பிழைத்தால்தான் துணை என்பதில்லை. முடிவு எதுவாயினும் உடன் நிற்பதே துணை.

கோயில் அலுவலகத்தில் அந்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. புதிய குடும்பம் ஒன்று இம்மாதம் உதவி கேட்டிருக்கிறது. திங்கள், வெள்ளி இரண்டு நாள்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை பாலம் கடந்து கொண்டுபோய் விட ஒரு வாகனம் வேண்டும். இன்றிரவு வீடு திரும்பும் முன் உங்கள் பெயரை எழுதிச் செல்லுங்கள். பிணியுற்ற பிள்ளைகளையும் அவர்களைப் பேணும் பெற்றோரையும் அன்னை பராசக்தி காத்தருள்வாளாக.