வாடகை வீடு: அட்வான்ஸ் ஓர் அமானிதம்

(சென்னையில் நமது அறக்கட்டளை நடத்திய மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முன்பெல்லாம் நம் அலுவலகத்துக்கு வருபவர்கள் மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்றுதான் உதவி கேட்பார்கள். இப்போது, "கட்டுப்படியாகிற வாடகையில் ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள்.

மண்ணடியில் ஒரு கடையில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் வந்தார். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தாயார். வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் வீடு தேடி அலைந்திருக்கிறார். சில இடங்களில் பெயரைக் கேட்டதுமே, "வீடு முடிந்துவிட்டது" என்றார்கள். சில இடங்களில், "ஆறு பேரா?" என்று தயங்கினார்கள். கடைசியில் நம் மஹல்லாவிலேயே ஒரு வீடு கிடைத்தது. வாடகை 12,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி.

மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவர் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான், வட்டி கட்ட முடியாத நிலையில்.

பெயரைக் கேட்டு வீடு மறுத்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் இந்தச் சகோதரரை வட்டிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திய அட்வான்ஸைக் கேட்டவர், நம் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்துத் தொழுபவர். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எங்கள் நிர்வாகிகளிலும் உண்டு. பத்து மாதம் வாங்கியவர்களும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். 12,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் 1,20,000 ரூபாய். மூன்று மாதம் என்றால் 36,000 ரூபாய். இடையில் நிற்பது 84,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்?

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வேறு வழியில்லாதவரின் தலையசைப்பை ஒப்புதல் என்று நாம் எடுத்துக்கொள்ளலாமா?

ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவின் அன்சாரிகள் தம் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அபூ அய்யூப் அல்-அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். இலவசமாகக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நியாயமான வாடகை உங்கள் உரிமை. நாங்கள் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, அட்வான்ஸை மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். இரண்டு, அந்தப் பணம் உங்கள் வருமானம் அல்ல, அமானிதம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், அப்புறம் தருகிறேன்" என்று இழுத்தடிக்காதீர்கள். மூன்று, விதவைகளையும் பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.

குடியிருப்பவர்களுக்கும் சொல்கிறோம். குறித்த தேதியில் வாடகை கொடுங்கள். சுவரையும் குழாயையும் சொந்த வீடு போலப் பாருங்கள். ஒருவர் கெட்ட பெயர் வாங்கினால் அடுத்த பத்துப் பேருக்கு வீடு கிடைக்காது. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். நமக்குள் எதற்கு எழுத்து என்று கூச்சப்பட வேண்டாம்.

வாடகையே வேண்டாம், மொத்தமாகச் சில லட்சம் கொடுத்தால் போதும் என்று லீஸுக்கு வீடு காட்டுகிறார்கள். கொடுத்த பணம் முழுதாகத் திரும்பிவர, வீட்டில் சும்மா குடியிருப்பது வட்டியின் சாயல் என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கிறார்கள். இதில் மோசடியும் நடக்கிறது. உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்த வீட்டை இடையில் ஒருவர் லீஸுக்கு விட்டுவிட்டுப் பணத்தோடு மறைந்துவிடுகிறார். உரிமையாளர் கதவைத் தட்டும்போதுதான் குடும்பத்துக்கு விஷயம் தெரிகிறது. ஆகவே உரிமையாளரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயரைச் சரிபாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

எங்கள் பங்குக்கு இரண்டு வேலைகளைத் தொடங்குகிறோம். காலி வீடுகளின் பட்டியல் ஒன்றை அலுவலகத்தில் வைக்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு வந்து பார்க்கலாம், புரோக்கர் கட்டணம் கிடையாது. அட்வான்ஸ் புரட்ட முடியாதவர்களுக்கு வட்டியில்லாக் கடனாக, கர்ளன் ஹஸனாவாக, உதவ ஒரு நிதியும் திரட்டுகிறோம். மூன்று மாத அட்வான்ஸ் கேட்கும் வீடு என்றால் அந்த நிதி மூன்று குடும்பங்களுக்குப் போதும். பத்து மாதம் என்றால் ஒரு குடும்பத்தோடு தீர்ந்துவிடும்.

அந்தச் சகோதரரின் வளையல்களை இன்ஷா அல்லாஹ் மீட்டுவிடலாம். அடுத்த வளையல் அடகுக்குப் போகாமல் இருப்பது வீட்டுக்காரர்களாகிய நம் கையில் இருக்கிறது. நம் எல்லோருடைய இல்லங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.