ஏட்டுக் கொள்கையும் படிவத்தின் கட்டமும்



மொழிபெயர்ப்பு இன்று பல்கலைக்கழகங்களில் தனித் துறையாகவே பயிலப்படுகிறது. யூஜீன் நைடா என்னும் அமெரிக்க அறிஞர் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. மூலத்தின் சொல்லமைப்பை ஒட்டிச் செல்வது ஒரு நெறி; மூலத்தைப் படித்தவர் அடைந்த பயனையே மொழிபெயர்ப்பைப் படிப்பவரும் அடையுமாறு அவருக்கு இயல்பான சொற்களால் ஆக்குவது மற்றொரு நெறி. பின்னதையே நைடா பெரிதும் போற்றினார். விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் முதிர்ந்த கொள்கை அது. அரசாங்க அலுவலகங்களில் படிவங்களையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்க்கும் எங்களைப் போன்றோர் அக்கொள்கையைக் கற்றுக்கொண்டுதான் மேசைக்கு வருகிறோம். மேசையோ வேறொரு பாடத்தைத் தொடங்குகிறது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கு, ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகிய எதற்குப் படிவம் நிரப்பினாலும் 'நாமினி யார்?' என்று ஒரு கட்டம் கேட்கும். தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் பணிபுரியும் நீங்கள் அக்கட்டத்தை நிரப்பாமல் இருந்திருக்க முடியாது. அதற்குத் தமிழ் யாது?

சொல்லுக்குச் சொல் என்று போனால் 'நியமனதாரர்' வரும். யாரோ உத்தியோக நியமனம் பெற்றவர் போலும் என்று படிப்பவர் மயங்குவார். மக்கள் வழக்கிலோ 'வாரிசு' ஆயத்தமாக இருக்கிறது. 'வாரிசாக யார் பெயரைக் கொடுத்திருக்கிறாய்?' என்றுதான் நம் வீடுகளில் கேட்கிறோம். இயல்பான சொல்லை நாடும் கொள்கைப்படி இதுவே வெல்லவேண்டும்.

ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தைக் கையேற்பவரே அன்றி உரிமையாளர் அல்லர் என்று 1983ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வங்கி வைப்புப் பணத்துக்கும் இதுவே நெறி என்பது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2015ஆம் ஆண்டில் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், மனைவி அல்லது கணவர், மக்கள் ஆகியோர் நாமினியானால் பயனுக்கும் அவர்களே உரியவர் என்ற நிலை வந்தது. ஆகக் காப்பீட்டுப் படிவத்தில் சிலருக்குப் பொருந்தும் சொல், வங்கிப் படிவத்தில் பொய்யாகிவிடுகிறது.

நாகபுரியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் தமையனாரை நாமினியாக எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். பிறகு மணம் புரிகிறார். பெயரை மாற்ற மறந்துவிடுகிறார். உயில் எழுதாமலே காலமாகிறார். வங்கித் தாளில் 'வாரிசு: தமையன்' என்று அச்சிட்டிருந்தால், அதைக் கண்ட மனைவி தமக்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக்கூடும். சட்டப்படி அவருக்கு அதில் பங்கு உண்டு. அப்பங்கை அவரிடமிருந்து மறைத்தது ஒரு சொல்.

இதனால் கொள்கை பயனற்றது என்று சொல்லும் பழம் அலுவலர்களும் உண்டு. 'சென்ற ஆண்டு எப்படிப் போட்டோமோ அப்படியே போடுங்கள்' என்பது அவர்களுடைய இலக்கணம். பிழைகள் நீண்ட ஆயுள் பெறுவது இவ்விலக்கணத்தால்தான்! எங்கள் கருத்து வேறு. படிப்பவர் அடையும் பயனை நோக்கு என்று நைடா சொன்னதில் தவறில்லை. படிவத்தில் பயன் என்பது உள்ளத்து உணர்ச்சி அன்று. படித்தவர் அடுத்து எந்த வாயிலுக்குப் போகிறார் என்பதே. இதனை ஏடு கற்பிக்கவில்லை. எனினும், கேட்க வேண்டிய கேள்வி எதுவென்பதை ஏடுதான் கற்பித்தது.

ஆதலின் எங்களுள் சிலர் வரைவைத் தமிழ் படிக்கத் தெரிந்த காவலாளியிடமோ ஓட்டுநரிடமோ கொடுத்து, 'புரிகிறதா?' என்று கேட்பதில்லை. புரிகிறது என்றே எல்லாரும் சொல்லுவர். 'இந்தப் பணம் யாருக்குச் சேரும்?' என்று கேட்கிறோம். 'வாரிசு' என்றிருந்தால் ஒரு விடை வருகிறது. 'நாமினி' என்பதை அப்படியே தமிழெழுத்தில் விட்டு, 'உங்களுக்குப்பின் இப்பணத்தைப் பெற்று, சட்டப்படி உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டியவர்' என்று ஒரு வரி சேர்த்தால் வேறு விடை வருகிறது. தூய தமிழன்பர்கள் எங்களைக் கடிந்துகொள்ளட்டும்.

இனி எஞ்சியிருப்பது அச்சகத்தாரோடு வழக்கு. கட்டத்தின் அகலம் இரண்டு விரற்கடை. அவ்வரி அதில் அடங்காது. பெரும்பாலும் அது தாளின் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. கையொப்பமிடுமுன் தாளைத் திருப்பிப் பாருங்கள்.