வருமுன் காக்கும் வீடு

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



வீட்டைக் காத்தல் என்றதும் பூட்டும் மதிலும் நாயுமே நம் நினைவுக்கு வருகின்றன. கள்வனுக்குப் பயந்து இரட்டைத் தாழ்ப்பாள் இடுகின்ற நாம், கடல் பெருகினால், காற்றுச் சீறினால், மலை சரிந்தால், நிலம் நடுங்கினால் என்ன செய்வது என்று வீட்டாரோடு ஒரு தடவையாவது கூடியிருந்து பேசியதுண்டா? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலை, சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அதன் அளவு 9.1. அங்கு எழுந்த பேரலை நமது கிழக்குக் கரையை வந்தடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரத்தில், கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவரும் கரையை விட்டு ஒரு மைல் உள்ளே சென்றுவிடலாம். ஆயினும் முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, காலி என்று 30,000க்கு மேற்பட்ட உயிர்களை இத்தீவு இழந்தது. நேரம் இல்லாமையால் அன்று, செய்தி இல்லாமையால். இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அந்நாளில் இருக்கவில்லை.

இனி, அதே காலையில் வேறோரிடத்தில் நடந்ததைக் கேளுங்கள். அதிர்ச்சி தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் சிமெலூ என்றொரு தீவு உண்டு. அதன் வடகரைக்கு அலை வந்து சேரப் பத்து நிமிடமும் ஆகவில்லை. அங்கும் எச்சரிக்கை செய்வார் எவருமில்லை. தீவில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 78,000 பேர். இறந்தோர் எழுவர் மாத்திரமே. காரணம் யாது? 1907ஆம் ஆண்டு அத்தீவைப் பேரலை ஒன்று அழித்தது. தப்பியவர்கள் அதனை 'ஸ்மொங்' என்று பெயரிட்டுத் தம் மக்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் தம் பேரருக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் பொருளை நினையாது மேட்டுக்கு ஓடு என்பதே அச்செய்தி. 97 ஆண்டுகள் கழித்து அது பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

தாய்லாந்தின் புக்கெற் தீவிலே, ரில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல் நுரைத்துக் கொதிப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர் பூமிசாத்திர வகுப்பில் கற்ற பாடம் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் விடாது சொன்னாள். அவர்கள் செவிகொடுத்தனர்; கரையில் நின்றவர்கள் அகற்றப்பட்டனர்; உயிர் பிழைத்தனர்.

சிமெலூவில் பேசியது முதியோர் வாய். புக்கெற்றில் பேசியது சிறுமியின் வாய். இரண்டிடத்தும் கேட்கும் செவிகள் இருந்தன. நம் வீடுகளில் நிலைமை என்ன? 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைக் கண்ணாற் கண்ட பெரியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். சூறாவளியின் நடுப்பகுதி கடக்கும்போது காற்றுத் திடீரென ஓயும். ஆபத்து நீங்கிற்றென்று வெளியே வருபவரை எதிர்த்திசையிலிருந்து மீண்டும் தாக்கும். இதனை அவர்கள் சொல்ல, அருகிருந்து கேட்க நமக்குப் பொறுமை இல்லை. நாம் கற்றதைச் சொன்னாலோ, "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்பாரும் உளர். இரு சாராரும் பொறுத்தருள வேண்டும். ஆபத்துக் காலத்தில் வயது பார்ப்பது தகாது. சொல்லின் உண்மையையே பார்க்க வேண்டும்.

ஆகவே முதலாவது ஆயத்தம் பேச்சேயாகும். ஒரு மாலைப்பொழுதில் வீட்டார் அனைவரும் அமர்ந்து மூன்று காரியங்களைத் தீர்மானியுங்கள். எவ்வழியால் வெளியேறுவது? நடக்கமாட்டாத அம்மம்மாவை யார் தூக்குவது, கைக்குழந்தை யார் பொறுப்பு? பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது? கரையோரத்தில் வாழ்வோர் சந்திக்கும் இடத்தை உள்ளூரில், மேட்டுநிலத்தில் தெரிந்துகொள்க. அவ்வழியைப் பிள்ளைகளோடு ஒரு தடவை நடந்தும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கையோடு எடுக்க ஒரு பை. அடையாள அட்டைகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இடுங்கள். நாளாந்தம் உண்ணும் மருந்து, ரோச் லைற், பற்றரியில் இயங்கும் சிறு வானொலி, சிறிது பணம், உலர் உணவு, குடிநீர் என்பனவும் அதில் இருக்கட்டும். வீட்டிலே தங்க நேர்ந்தால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாட்களுக்கான தண்ணீர் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கலாகாது.

மூன்றாவது, அடையாளங்களை அறிதல். கடற்கரையில் நில நடுக்கத்தை உணர்ந்தால், அல்லது கடல் வழக்கத்துக்கு மாறாக வற்றினாலோ பெருகினாலோ, அறிவித்தலுக்குக் காத்திராமல் அகலுங்கள். முதலலையோடு எல்லாம் முடிந்ததென்று எண்ணவும் வேண்டாம். பெரேலியவில் முதலலைக்கு அஞ்சிப் பலர் நின்றிருந்த புகைவண்டியில் ஏறினர். அடுத்த அலை அவ்வண்டியையே புரட்டி 1,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மலைநாட்டில் பெருமழையின்போது நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், புதிய ஊற்றுத் தோன்றினால், ஓடைநீர் சடுதியாகக் கலங்கினால், அன்றிரவு அவ்வீட்டில் உறங்காதீர்கள். நம் தீவில் கடும் நிலநடுக்கம் அரிது. ஆயினும் வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் பலர். வீட்டினுள் நிலம் நடுங்கினால் உறுதியான மேசையின் கீழ்ப் புகுந்து, தலையைக் காத்து, நடுக்கம் ஓயும்வரை அதனைப் பற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, நோயாளர் காவுவண்டிக்கான 1990 என்னும் இலக்கங்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

"ஓடினோம், ஒன்றும் வரவில்லையே" என்று சலிப்போரும் உண்டு. 2012 ஏப்ரில் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இங்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கரையோர மக்கள் உள்ளே சென்றனர், பேரலை வரவில்லை. அதனால் நாம் இழந்தது ஓர் அரைநாள் வேலை. 2004இல் இழந்ததோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பயனின்றி நூறு முறை நடந்தாலும் குறைவில்லை. நடக்க வேண்டிய ஒரு நாளில் நடவாதிருப்பதே குறை.

சகோதரர்களே, இதற்குப் பெருஞ் செலவில்லை. ஒரு பையும், ஒரு மாலைப்பொழுதும், ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கும் மனமுமே வேண்டுவன. எங்கள் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வாரமே தம் வீட்டில் அப்பேச்சைத் தொடங்குவாராக. தம் வீட்டை முடித்தபின், தனித்து வாழும் அயல்வீட்டு முதியவரிடமும் சென்று, "ஆபத்து வந்தால் உங்களை அழைத்துச் செல்ல நான் வருவேன்" என்று சொல்வாராக. சொல்லியபடி செல்வாராக.