சிறையில் கழிந்த நாளும் கணக்கில் சேர வேண்டும்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சிறையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நம் பிள்ளை ஒருவன் கைதானால், பெரும்பாலும் அவன் சென்று சேரும் இடம் புழல் மத்திய சிறை. நாட்டின் சிறைகளில் உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் இன்னும் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள் என்பதை 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரம் காட்டுகிறது. பிணை கிடைத்தும் பிணையாள் கிடைக்காமல் உள்ளே கிடப்போர் ஏழைகளே.

தீர்ப்புக்கு முன் கழிந்த அந்நாட்கள் வீணா? 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவற்றைத் தண்டனையில் கழிக்கும் உரிமை கைதிக்கு இல்லை. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவே அந்த உரிமையைத் தந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468ஆம் பிரிவாக அது தொடர்கிறது. ஏழு மாதம் விசாரணைக் கைதியாக இருந்தவனுக்கு இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டால், அவன் இனிக் கழிக்க வேண்டியது பதினேழு மாதமே. ஆயுள் தண்டனைக் கைதிக்கும் இவ்வுரிமை உண்டு என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். அபராதம் கட்டத் தவறியதற்காக அனுபவிக்கும் சிறைக்கு இக்கழிவு இல்லை. மேலும், எந்த வழக்கில் காவலில் இருந்தானோ அந்த வழக்கிற்கே அந்நாட்கள் சேரும். சிறையில் இருப்பவன்மீது வேறொரு வழக்கும் இருந்து, அதில் முறைப்படி கைது காட்டப்படாவிட்டால், அந்நாட்கள் அவ்வழக்கின் கணக்கில் ஏறா.

விசாரணையே நீண்டுகொண்டு போனால் என்ன செய்வது? குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தையும் கடந்து பீகார்ச் சிறைகளில் பலர் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த கொடுமை 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில் வெளிப்பட்டது. இன்று 479ஆம் பிரிவின்படி, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தையும், முன்பு எவ்வழக்கிலும் தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கையும் கழித்தவர் பிணை பெறலாம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. காலம் நிறைந்ததும் நீதிமன்றத்திற்கு விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

இளைஞர்களே, இவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. "குற்றத்தை ஒப்புக்கொள், இதுவரை இருந்த நாட்களே தண்டனையாகும், இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். சோர்ந்துபோன பிள்ளையும், கூலியை விட்டு நீதிமன்றத்திற்கு அலையும் தாயும் அதற்கு இணங்கிவிடுகிறார்கள். அன்று கதவு திறக்கும். ஆனால் தண்டனை பெற்றவன் என்னும் பெயர் ஏட்டில் நிலைத்துவிடும். அரசுப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் காவல்துறைச் சரிபார்ப்பு வரும் நாளில் அதுவே குறுக்கே நிற்கும். குற்றம் செய்யாதவன் ஒருநாள் விடுதலைக்காகத் தன் வாழ்நாளை ஈடு வைக்கலாகாது.

ஆகவே நம் சங்கம் ஒரு பணியை மேற்கொள்ளட்டும். கைதான நாள், சிறையில் அடைக்கப்பட்ட நாள், வெளிவந்த நாள், வழக்கு எண் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். தீர்ப்பு நாளில் அக்கணக்கை வழக்கறிஞர் கையில் கொடுப்போம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர் அனைவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அவ்வுதவியைக் கேட்கலாம்.

நாம் பெற்ற எழுத்தும் எண்ணும் நம் வீட்டிற்கு மட்டும் உரியவையல்ல. எழுதப் படிக்க அறியாத ஒரு தாய்க்காக அவள் மகனின் சிறை நாட்களை எண்ணிக் கொடுப்பதும் கல்வித் தொண்டே. அத்தொண்டில் நாம் ஒன்றுபடுவோம்.