லைன்: ஒரு சொல்லுக்குள் நம் கதை



ஆங்கிலத்தில் 'லைன்' என்று ஒரு சின்னச் சொல். பள்ளிப் பிள்ளையிடம் பொருள் கேட்டால் 'கோடு' என்பான். சரிதான். ஆனால், அந்தச் சொல் பிறந்தபோது அது ஆளிச்செடி நாரில் திரித்த நூல்! நூலைப் பிடித்துக் கோடு போட்டார்கள், நூலே கோடாயிற்று. பிறகு வரிசை, ரயில் பாதை, தொலைபேசித் தொடர்பு, செய்யும் தொழில் எல்லாமே லைன்.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? கைப்பேசி எடுக்காவிட்டால் 'லைன் இல்லை' என்கிறோம். பெண்கள் பின்னால் சுற்றும் பையன் 'லைன் அடிக்கிறான்'. ரயில்வேயில் 'லைன் கிளியர்' என்றால், அடுத்த நிலையம் வரை பாதை காலி, வண்டி புறப்படலாம் என்ற அனுமதி. நம் ஜாலான் பினாங்கில், சந்துக்குள் இருக்கும் 'லைன் கிளியர்' கடைக்குப் போய்ப் பாருங்கள். நாசி கண்டாருக்கு நிற்கும் லைன் மட்டும் கிளியர் ஆகவே ஆகாது!

சிரித்தீர்கள், மகிழ்ச்சி. இன்னொரு லைனையும் கேளுங்கள். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் லைன்தான். நம் வாயில் அது லயன், லயம் என்று ஆயிற்று. பாலத்துக்கு அப்பால், செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நம் தமிழர்கள். ரப்பர் காலத்திலும் அவர்களுக்கு லயமே உலகம்.

1942-43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில் பாதை போட்டபோது, இந்த லயங்களிலிருந்துதான் ஆட்களைக் கொண்டு போனார்கள். லைன் வீட்டிலிருந்து ரயில் லைன் போடப் போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிள்ளைகளுக்கு லைன் என்றால் கைப்பேசிதான். அது அவர்கள் குற்றமல்ல. சொல் வளரத்தான் செய்யும். ஆனால், அகராதியைப் புரட்டினால் கோடு கிடைக்கும், வரிசை கிடைக்கும்; நம் பாட்டனும் பாட்டியும் கிடைக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றி வீட்டில் நாம்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இந்த வாரமே பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள்: "உங்கள் லயத்தில் எத்தனை வீடுகள்? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?" அந்தச் சொல்லுக்கு எந்த அகராதியும் தராத பொருள் அவர் சொல்லும் பதிலில் இருக்கிறது. அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.