தலைக்குளியல்: அச்சம் போக்குவோம்



தலை நாறுகிறது என்று ஒரு குழந்தையைக் கடைசி வரிசைக்கு அனுப்பினால், அது பள்ளியைத்தான் வெறுக்கும். தலைக்குக் குளிக்கப் பழகாது. பல குழந்தைகள் அடம்பிடிப்பது சோம்பலால் அல்ல, பயத்தால். சீயக்காய் பட்டுக் கண் எரிந்ததையும், சொல்லாமல் ஊற்றிய தண்ணீரில் மூச்சுத் திணறியதையும் அவை எளிதில் மறப்பதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்: வெதுவெதுப்பான நீர் போதும். முதலில் காலிலும் கையிலும் ஊற்றுங்கள். நெற்றியில் மடித்த துண்டைக் குழந்தையே பிடித்துக்கொள்ளட்டும். தலையைப் பின்னால் சாய்த்து, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகே ஊற்றுங்கள்.

ஒன்றாம் வகுப்பில் பொம்மையைக் குளிப்பாட்டி விளையாடச் செய்யலாம். சொம்பு குழந்தையின் கையில் இருக்கட்டும். தானே ஊற்றிப் பழகினால் பயம் குறையும்.