உலைக்கசடின் சாட்சியம்
சாரதா சீனிவாசனின் உலோகவியல் ஆய்வுகள்

பொட்டிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



பொட்டிபுரத்தின் பெயர் உலக இயற்பியலாளர்களுக்குத் தெரியும். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக இந்த மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட கருவி, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. அத்திட்டம் குறித்த வாதங்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. அந்த இரும்பைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். காந்தம் எளிதில் ஏற வேண்டுமானால் இரும்பில் கார்பன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வாளுக்கு அந்த இரும்பு உதவாது. கார்பன் ஏறிய எஃகு வேண்டும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கார்பன் போதும், உலோகத்தின் குணமே மாறிவிடும். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்தார்கள். உலையடியில் கிடந்த கழிவைக்கொண்டே அதை எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் பேராசிரியர் சாரதா சீனிவாசன். அவருடைய ஆய்வு வாழ்க்கைதான் இன்றைய பொருள்.

மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்து 1987இல் பட்டம் பெற்றவர் அவர். பிறகு லண்டனில் கலையும் தொல்லியலும் பயின்றார். தென்னிந்திய உலோகச் சிற்பங்களின் உலோகவியலை ஆராய்ந்து 1996இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். பரதநாட்டியக் கலைஞரும்கூட. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கசடை ஏன் ஆராய வேண்டும்? தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். துருத்தி வைத்து ஊதிய பழைய உலைகள் அந்தச் சூட்டை எட்டவில்லை. தாதிலிருந்து பிரிந்த இரும்பு, உருகாமல் துளைத்துளையான கட்டியாகத் திரண்டது. தாதிலிருந்த சிலிக்காவோ இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து 1,200 டிகிரி அளவிலேயே உருகி வழிந்தது. அதுதான் கசடு, சித்த மருத்துவத்தில் மண்டூரத்துக்கு எடுக்கும் இரும்புக் கிட்டம். இரும்பு துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிடும். கசடு பல நூற்றாண்டுகள் கிடக்கும். எந்தத் தாதை இட்டார்கள், உலை எவ்வளவு சூடேறியது, காற்று எப்படிப் புகுந்தது என்பதெல்லாம் அதன் படிகங்களில் பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் படித்துவிடலாம்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் சாரதா சீனிவாசன் கண்டது, உலோகம் உருக்கும் மண்கலமான மூசையின் உடைந்த துண்டுகளை. எஃகு செய்த இடம் அது என்று 1994இல் வெளியிட்டார். மூசையின் உட்புறம் கண்ணாடிபோல் படிந்த கசடில் சிறு உலோக மணிகள் சிக்கியிருந்தன. அவற்றின் நுண்ணமைப்பு உயர்கார்பன் எஃகுக்கு உரியது. வணிகர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்து நாடு நாடாகக் கொண்டுபோன உருக்கு அது. மைக்கேல் ஃபாரடே 1819இல் அந்த எஃகைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்குக் காரணம் அலுமினியமும் சிலிக்காவும் என்று கருதினார். உண்மைக் காரணம் கார்பன். சேலம் பகுதியில் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் மூசைக்குள் வைத்து மூடிச் சூடேற்றியதாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. கார்பன் அந்தச் செடிகளிலிருந்து ஏறியது.

ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு கொஞ்சம் மிஞ்சினால் காயின் பச்சை போய்விடும் என்பது போடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூசை உலையிலும் சூட்டைப் பிடித்து நிறுத்துவதே தொழில். வெப்பமானி இல்லாமல், தீயின் நிறத்தைப் பார்த்து அதைச் செய்த கொல்லர்களின் அறிவை அறிவியல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

நம் மலைக்கு அப்பால் கேரளத்து ஆறன்முளையில் இன்றும் உலோகக் கண்ணாடி வார்க்கிறார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். சாதாரண வெண்கலத்தில் அவ்வளவு சேர்த்தால் உலோகம் நொறுங்கும் என்பார்கள். அந்த நொறுங்கும் குணமுள்ள கலவையே முகம் பார்க்கும் பளபளப்பைத் தருகிறது என்று சாரதா சீனிவாசன் ஆராய்ந்து விளக்கினார். ஊட்ஸ் பற்றி உலோகவியலாளர் சீனிவாச ரங்கநாதனோடு சேர்ந்து 2004இல் ஒரு நூலும் எழுதினார். கைவினைஞரின் பட்டறையும் ஆய்வுக்கூடமும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பதே அவர் உழைப்பு நிலைநாட்டிய உண்மை.

மாணவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இயற்பியலும் வேதியியலும் படிக்கும் உங்களில் சிலராவது உலோகவியலுக்கு வாருங்கள். கணினித் துறை ஒன்றே வழி என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்து, உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கனமான கருங்கட்டிகளோ சுட்டமண் குழாய்களோ குவியலாகத் தென்பட்டால், அள்ளிப் பள்ளத்தை நிரப்பிவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இடம் கலைந்துவிட்டால் கசடின் பாதிச் சாட்சியம் போய்விடும். அதைக் காப்பது ஊர்க்காரர்களான நம் பொறுப்பு.